கத்தரிக்கோலைப் பற்றிச் செய்தி இல்லை

என் தலையை இரண்டு விரல்களால் முன்னுக்குத் தள்ளிவிட்டு, கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். தொலைக்காட்சியில் கோதுமை என்று ஏதோ சொன்னார்கள். இனி விளம்பரம் வரும்வரை என் பிடரிக்கு விமோசனம் கிடையாது.

எங்கள் தெருமுனைச் சலூன்காரருக்கு ‘தலைப்புச் செய்தி’ என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். தொலைக்காட்சியைப் பின்சுவரில் மாட்டியிருக்கிறார். வெட்டிக்கொண்டே எதிர்க் கண்ணாடியில் அதைப் பார்ப்பார். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தாலும் சரளமாக வாசிப்பார். நேரான செய்தித்தாளைக் கொடுத்தால்தான் தடுமாறுகிறார். காலையில் கடையைத் திறந்தால் இரவு சாத்தும்வரை வணிகச் செய்திதான்.

உலக நடப்பில் இவ்வளவு அக்கறையா என்று நினைத்தால் ஏமாந்தோம். மனிதர் ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருக்கிறார். ரொட்டிக்கடைக்காரர் விலையை ஏற்றினார்; கேட்டால் எங்கோ கோதுமை விளையவில்லை என்றார். மளிகைக்கடைக்காரர் ஏதோ கடலில் கப்பல் சிக்கிக்கொண்டதாகச் சொல்லிப் பருப்பு விலையை ஏற்றினார். அந்தப் பருப்பு பின்தெரு ஆலையிலிருந்து தள்ளுவண்டியில் வருவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். இப்படி ஆளுக்கொரு செய்தியைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார்கள். முடிவெட்டும் கூலியை ஏற்றுவதற்கு மட்டும் ஒரு புயலோ போரோ வரியோ வந்து தொலைக்கவில்லை.

“கத்தரிக்கோலைப் பத்தி ஒரு பய பேச மாட்டேங்கறான் சார். சீப்பைப் பத்தியாவது ரெண்டு வார்த்தை சொல்லலாம்ல?”

“சும்மா ஏத்திடுங்களேன். யாரு கேக்கப் போறா?”

“காரணம் சொல்லாம எப்படி சார் ஏத்தறது? நாளைக்கு உங்க மூஞ்சில நான் முழிக்க வேணாமா?”

அந்த வெட்கத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் மனைவிக்கு அது பிடிக்காது. மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். “ஊர்ல உள்ளவங்க தலையெல்லாம் உங்க கையில இருக்கு. ஒருத்தர் தலையிலயாவது மொளகா அரைக்கத் தெரியுதா உங்களுக்கு?”

“நியூஸ் வரட்டும்மா” என்பார் இவர், தூக்கைத் திறந்துகொண்டே.

அவர் தொழிலைத் தொட்ட ஒரே செய்தி, வணிகச் செய்திகளுக்கு இடையே வரும் சினிமாப் பகுதியில் வந்தது. ஏதோ ஒரு படத்தில் கதாநாயகன் தோள்வரை முடி வளர்த்திருந்தான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தெருவிலுள்ள இளவட்டம் மொத்தமும் முடிவெட்டுவதை நிறுத்திவிட்டது. இரண்டாவது நாற்காலியில் இப்போது பழைய செய்தித்தாள்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன. “படம் ஓட்டறது அவன், ஈ ஓட்டறது நானு” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை வாடகை ஏறினால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றார். அப்புறம் பெரிய கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட சலூனில் சீருடை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே வேலை நேரத்தில் தொலைக்காட்சி பார்க்க விடமாட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தொலைக்காட்சியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை சாயங்காலம் கட்டட உரிமையாளர் வந்தார். ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகிற அவசரம். நரைத்த மீசைக்கு டை அடிக்க வேண்டும். நான் பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். சலூன்காரர் சின்னப் பிரஷ்ஷால் இடது பக்க மீசையைக் கருகருவென்று முடித்தார். பிரஷ் மூக்கைத் தாண்டும்போது உரிமையாளர் உதட்டை அசைக்காமல் ஆரம்பித்தார்.

“அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை கொஞ்சம் கூடும்ப்பா. பேங்க்ல வட்டிய ஏத்திட்டாங்க. நியூஸ்ல பாத்திருப்பியே.”

“பாத்தேன் சார்.” பிரஷ் நின்றது. “ஆனா கட்டடத்துக் கடனையெல்லாம் அடைச்சாச்சுன்னு போன தடவை இதே நாற்காலியில உக்காந்துதான் சொன்னீங்க.”

சலூன் நாற்காலியில் பேசியதெல்லாம் வெட்டிய முடியோடு கூட்டிப் பெருக்கப்பட்டுவிடும் என்று மனிதர்கள் நம்புகிறார்கள். உரிமையாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“எனக்குக் கடன் இல்லதான். ஆனா நியூஸ்னு ஒண்ணு வந்துடுச்சுல்லப்பா? எல்லாரும் ஏத்தறாங்க, நானும் ஏத்தறேன்.”

சலூன்காரர் கண்ணாடிக்குள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் தொலைக்காட்சியில் யாரோ எதைப் பற்றியோ பேசினார்கள். முதல் தடவையாக இவர் அதைக் கவனிக்கவில்லை.

“அப்ப நியூஸ்னு ஒண்ணு இருந்தாப் போதும், இல்லையா சார்?”

“பின்னே?”

“வாடகை ஏறப்போகுதுன்னு இப்பத்தான் சார் எனக்கு நியூஸ் வந்துச்சு.”

பிரஷ்ஷைக் கழுவினார். உதறி, கண்ணாடித் தம்ளரில் நிமிர்த்தி வைத்தார். இரண்டாவது நாற்காலியிலிருந்த செய்தித்தாள்களை அள்ளித் தரையில் போட்டார்.

“என்னப்பா இது? இந்தப் பக்கம் இன்னும் வெள்ளையா நிக்குது! எனக்கு நேரமாச்சு!”

“இருங்க சார். மீதி மீசைக்கு என்ன ரேட்டுன்னு யோசிக்கணும்.”

சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்து, அதைப் பின்சுவர்ப்பக்கம் திருப்பி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.