சுட்டது எந்த நரம்பை?

“உன் வம்சத்தையே கருவறுப்பேன்டா.”

படுக்கையறையிலிருந்து இடிபோல வந்தது குரல். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டப்பிங் மேனேஜரின் முகம் வாடியது.

“சத்தம் இருக்கு தங்கச்சி. சூடு இல்லையே.”

எதிரே நின்ற அவள் கண்கள் குளமாயின. உள்ளே கத்தியது அவள் கணவர். இருபது வருடங்களாக வில்லன்களுக்குக் குரல் கொடுத்தே குடும்பத்தைக் காத்தவர். வீட்டிலோ, கட்டில் காலில் இடித்துக்கொண்டால் கட்டிலிடம் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்டவரின் ரத்தக் கொதிப்பு மட்டும் நான்கு வகை மாத்திரைக்கும் மசியவில்லை. போன வாரம்தான் மருத்துவமனையில், தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டார்கள்.

அவள் தம்பியின் வாய் சும்மா இருக்குமா? ‘மாமாவோட கோப நரம்பைப் பொசுக்கிட்டாங்க’ என்று ஸ்டூடியோ முழுக்கச் சொல்லிவிட்டான். நாளை புதுப் படத்தின் டப்பிங். வில்லனுக்கு வேறு குரல் தேட வேண்டுமா என்று பார்க்கத்தான் மேனேஜர் வந்திருந்தார்.

“சுட்டது கிட்னி நரம்புங்க. அதுக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“யாரு கண்டா? எனக்குக் கோபம் வந்தா மொதல்ல அடிவயிறுதான் எரியுது.”

கணவர் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். “இன்னொரு தடவ கத்தட்டுமாண்ணே? பக்கத்து வீட்டுக் குழந்த தூங்குது, அதான் அடக்கி வாசிச்சேன்.”

“பாத்தியாம்மா, எப்படிக் குழையுறாரு.”

“அவர் தாலி கட்டும்போதே ‘வலிக்குதா’ன்னு கேட்டவருங்க.”

மேனேஜரின் பார்வை மேசைமேல் இருந்த பிரஷர் மிஷின் மீது விழுந்தது. “கொதிப்பு இருக்கா இல்லையான்னு இதுலயே பாத்துடலாமே.”

அவள் கணவர் கையில் பட்டையைச் சுற்றினாள். மிஷின் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

நூற்று எழுபத்தெட்டு.

இத்தனை பாடும் வீண்தானா என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். மேனேஜரோ எழுந்து அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அப்படியே கொதிக்குதுண்ணே. நாளைக்குக் காலையில வந்துடுங்க. தங்கச்சி, இது இறங்காமப் பாத்துக்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவள் கணவரின் காதருகே வந்தாள். “மூணு மாசத்துல கொஞ்சங்கொஞ்சமா இறங்கும்னு டாக்டர் சொன்னாரேங்க.”

“மெதுவாப் பேசு. அவர் இன்னும் படியிலதான் இருக்காரு,” என்று சொல்லி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.