அப்பாவின் டேபிள் ஃபேன்

வீட்டிலிருந்து வேலை பார்க்க நானே பாகங்கள் வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் அது. முதல் நாளிலிருந்தே, போட்டதும் ‘பிராசசர் ஃபேன் ஓடவில்லை’ என்று திரையில் வரும். ஒரு விசையைத் தட்டினால்தான் மேற்கொண்டு போகும். திறந்து பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கண்ணை நம்பாமல் திரையை நம்பினேன், மடையன். பிராசசர் வெந்துபோனால் பிழைப்பும் போய்விடும் என்ற பயம்.

திருநகர் மாடிவீட்டில் மேலே சுற்றும் ஃபேன் அனலைத்தான் இறக்கும். நடமாட முடியாமல் படுத்திருந்த அப்பாவின் தலைமாட்டிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, அதற்கு நேராக வைத்தேன். இன்னொன்று வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன், நினைத்ததோடு சரி. சித்திரையும் வைகாசியும் போயின. அப்பாவின் முதுகெல்லாம் வேர்க்குரு.

நேற்று தூசி துடைக்கும்போதுதான் பார்த்தேன். பிராசசர் ஃபேனின் வயரை அதற்குரிய முனையில் செருகாமல் பக்கத்து முனையில் செருகியிருக்கிறேன். ஃபேன் ஓடும், ஓடுவது மதர்போர்டுக்குத் தெரியாது. மாற்றிச் செருகினேன். எச்சரிக்கை வரவேயில்லை.

டேபிள் ஃபேனை அப்பாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன். காற்று பட்டதும் பதறிக் கண்ணைத் திறந்தார்.

“கம்ப்யூட்டரு சூடாகிறப் போகுதுப்பா. அங்கிட்டே கொண்டுபோய் வையி.”