பிடியரிசியும் ஏழாம் காம்பராவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சாயங்காலம் முறைக்காரி ஒருத்தி மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வாசல் வாசலாக நின்று அதை வாங்கிச் சேர்ப்பாள். பேருக்கு அது மாரியம்மன் கோயில் அரிசி. திருவிழாவுக்குப் பொங்கியது போக மீதி முழுவதும் அடுப்பு எரியாத வீடுகளுக்குத்தான் போகும். தோட்டத்துத் துரைக்கும் அது தெரியும். சாமி சமாசாரம் என்று விட்டுவைத்திருந்தார்.

யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை யாரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. "நாளைக்குச் சேத்துப் போடுறேங்க" என்று ஒருத்தி சொன்னால் விட்டுவிடுவோம். மறுநாளும் அதையே சொன்னால், மூன்றாம் நாள் அவளிடம் வாங்க மாட்டோம், அளந்து கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவோம். யாரையும் கையேந்த வைக்காத லயம் என்று எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. சாவுத் தீட்டு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு உள்ள வாசலில் அம்மன் தகரம் நிற்கக் கூடாது. பதினாறு நாள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் தகரம் என் முறைக்கு வந்தது. அந்த மாதம்தான் ஏழாம் காம்பராக்காரனுக்குப் பேர் வெட்டு விழுந்தது. மலையில் எங்களை வேலை வாங்கிய கண்டாக்கு ஐயாவை, பெண்களின் கொழுந்து நிறுவையைக் குறைக்கிறீர்கள் என்று அவன் எதிர்த்துக் கேட்டுவிட்டான். பேர்ப் பதிவான செக்ரோலில் பேர் இல்லையென்றால் வேலை இல்லை, தோட்டத்து ஸ்டோரில் அரிசி இல்லை, காம்பராவையும் காலி பண்ண வேண்டும். அவன் பெண்சாதிக்கோ நிறைமாதம். வட்டவளைப் பக்கம் எந்தத் தோட்டத்திலாவது இடம் கிடைக்குமா என்று பார்க்கப் போனான். அவன் போன மறுநாள் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது.

அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், எல்லோர் பேரையும் வாசித்து முடித்ததும் கண்டாக்கு சொன்னார்: "ஏழாம் காம்பராவுக்கு எவளாவது போக்குவரத்து வச்சிக்கிட்டா அவ பேரும் போகும், புருசன் பேரும் போகும்."

பிள்ளைப்பேறு பார்த்த கிழவிகூட அதற்குப் பிறகு அங்கே எட்டிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், தீட்டு எங்களுக்கு வசதியாகப் போயிற்று. பயத்தால்தான் அங்கே போகவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். தீட்டு என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. நான் தினமும் ஆறாம் காம்பராவில் நின்று அரிசி வாங்குவேன், ஏழைத் தாண்டுவேன், எட்டில் நிற்பேன். "பொறந்த புள்ள சத்தமே இல்லாம கெடக்குது, தங்கமான புள்ள" என்று எட்டாம் காம்பரா அக்கா சொல்வாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் காம்பராவின் மூத்த பெண் பிள்ளை, ஐந்து வயதிருக்கும், எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாக்கடைக் கானோரம் ஒரு டின்னோடு நின்றது.

"பெரியம்மா, கஞ்சித் தண்ணிய கொட்டாதீங்க. மாட்டுக்கு வேணும்னு அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அவர்கள் வீட்டில் மாடு கிடையாது. எங்கள் லயத்தில் யார் வீட்டிலும் மாடு கிடையாது.

 கஞ்சியோடு ஒரு பிடி சோற்றையும் டின்னில் போட்டேன். அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே கையை விட்டு எடுத்துத் தின்றது. நான் உள்ளே ஓடித் தகரத்தைத் திறந்து, மூன்று கொத்து அரிசியை அளந்து முந்தானையில் கட்டினேன். எட்டாம் காம்பரா அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மன் அரிசிடி. தீட்டு வீட்டுக்குள்ள போகக் கூடாது. இன்னும் ஏழு நாளு பொறு."

"ஏழு நாளு கழிச்சு யாருக்குங்க்கா குடுக்கிறது? வாய்க்கரிசி போடவா?"

அவள் வாயில் கைவைத்து விலகினாள். அந்த வேகத்தில் சொல்லிவிட்டேனே தவிர, காம்பராக்களின் முன்னால் நடக்கும்போதுதான் பெரட்டில் சொன்னது நினைவுக்கு வந்தது. என் பேரோடு வீட்டுக்காரர் பேரும் போகும். எங்களுக்குப் போக வேறு போக்கிடம் இல்லை.

ஏழாம் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணைப் படியில் கால் வைத்தபோது பின்னால் செருமல் கேட்டது. கண்டாக்கு, கையில் குடையோடு நின்றார். காலி பண்ணிவிட்டார்களா என்று பார்க்க வந்திருக்கிறார்.

"பெரட்டுல சொன்னது காதுல விழலையா?"

"பச்ச ஒடம்புக்காரிங்க ஐயா. பாத்துட்டு வந்துடுறேங்க."

"முந்தானையில என்ன?"

நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் வேகமாகப் படிவரை வந்தார். அங்கேயே நின்றார். கோயிலுக்கு விரதம் இருந்து காப்புக் கட்டியிருந்தார், தீட்டு வீட்டில் கால் வைக்க முடியாது. "நாளைக்குப் பெரட்டுக்கு வருவேல்ல, வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே இருட்டில் அவள் சாக்கின் மேல் கிடந்தாள். பக்கத்தில் பிள்ளை. தொட்டுப் பார்த்தேன், உடம்பில் சூடு இருந்தது. கன்னத்தைத் தட்டினேன். வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. தங்கமான பிள்ளை என்றோமே, அதற்கு அழத் தெம்பில்லை. தாய்க்குப் பால் வற்றி நான்கு நாளாம்.

கஞ்சி காய்ச்சி அவளுக்குக் கொடுத்தேன். சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிள்ளையின் வாயில் பிழிந்தேன். விழுங்குமா, வழிந்துவிடுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி வழிந்தது, பாதி இறங்கியது.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கு ஒவ்வொரு பேராக வாசித்தார். என் பேர் வழக்கமாக வரும் இடத்தில் வரவில்லை. பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பேராக என்னை வாசித்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குக் கொழுந்து பறிக்கச் செங்குத்து மலைதான். ஏன் வெட்டாமல் விட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் எட்டாம் காம்பரா அக்கா தானே கஞ்சிச் சட்டியோடு ஏழுக்குள் போனாள். மூன்றாம் நாள் தாய்க்குப் பால் ஊறியது. ஐந்தாம் நாள் பிள்ளை லயமே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீரிட்டு அழுதது. நான் கொழுந்துக் கூடையோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவன் திரும்பி வந்து, வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்களாம் என்று குடும்பத்தை அழைத்துப் போனான். மூட்டை கட்டும்போது நான் அவளைக் கோபித்துக்கொண்டேன். "புள்ள சாகக் கெடக்குது, ஒரு வார்த்த கூப்புட்டுச் சொல்லக் கூடாதா? தெனமும் வாசலோடதானே போனேன்?"

அவள் பிள்ளையை மாராப்புக்குள் சரிசெய்தபடி சொன்னாள்: "கூப்புட்டேங்க்கா. புள்ள பொறந்த அஞ்சாம் நாளு, நீங்க தகரத்தோட போறப்ப. ஒங்களுக்குக் கேக்கல போல."

"கேக்கலயேம்மா" என்றேன்.

கேட்டது. "அக்கா" என்று இரண்டு தடவை கேட்டது. கையில் அம்மன் தகரம், எதிரே மலைப் பாதையில் கண்டாக்கின் குடை. நான் எட்டி நடந்து எட்டாம் காம்பராவில் போய் நின்றேன்.