கட்டிலுக்குப் போதாத சதுர அடிகள்

நியூ டவுன் ஃபிளாட்டுக்குப் பத்திரம் பதிந்தது மகாளய அமாவாசைக்கு முந்தின நாள். கார்த்திகை பாதி கடந்தும் அதற்கு வாடகைக்கு ஆள் வரவில்லை. நாங்கள் குடியிருப்பது பாலிகஞ்சில், அதுவும் வாடகை வீடு. நான் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தை ஃபிளாட்டில் போட்டதே, அந்த வாடகையை வாங்கி இந்த வாடகையைக் கொடுத்துவிடலாம் என்றுதான்.

அப்படித் திட்டமிட்டபோது ஃபிளாட்டுக்கு விலை மட்டுமே இருந்தது. பிறகு முத்திரைத் தீர்வை வந்தது. அது வரும் என்று தெரியும். ஜெனரேட்டருக்கு ஒன்று, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்று, இன்னும் அஸ்திவாரமே போடாத கிளப்ஹவுஸுக்கு ஒன்று என்று வந்தவற்றைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. போதாததற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம்.

"ஆளே இல்லாத வீட்ல எதைங்க பராமரிக்கிறாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஆள் இல்லாததைத்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நமக்கு மார்கழி பிறக்கும்போதுதான் ஏறக்குறைய இந்த ஊர் வங்காளிகளுக்குப் பௌஷ மாதமும் பிறக்கிறது. அந்த மாதத்தில் நாமும் வீடு மாறமாட்டோம், அவர்களும் மாறமாட்டார்கள். மற்றதிலெல்லாம் வேறுபடும் இரண்டு பஞ்சாங்கங்களும் என்னை நெருக்குவதில் மட்டும் ஒன்று சேர்ந்துகொண்டன.

"மார்கழி பிறக்கறதுக்குள்ள ஆள் வரலைன்னா வித்துடுவோம். தை வரைக்கும் தாங்காது" என்று அவள் கெடு வைத்தாள். விற்றால் அதற்கும் தரகு உண்டு என்பதை நான் சொல்லவில்லை.

கார்த்திகைக் கடைசியில் தரகர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கணவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காளிகாட்டில் இருந்த பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்பதால் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஃபிளாட்டின் காற்று பிடித்தது, வெளிச்சம் பிடித்தது, இரண்டு படுக்கையறைகளும் பிடித்தன. அப்போது அந்த அம்மாள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை வெளியே எடுத்தார். அவர்களுடையது கல்யாணக் கட்டில். நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம். அது இல்லாமல் அவர் எங்கும் வரமாட்டார்.

பெரிய அறையை அளந்தார். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது.

"விளம்பரத்துல போட்டிருந்த சதுர அடியெல்லாம் எங்கே போச்சு, மொஷாய்?" என்று ஆசிரியர் வங்காளத்தில், மரியாதையாகவே கேட்டார்.

அது சூப்பர் பில்ட்-அப் கணக்கு என்று விளக்கினேன். வீட்டுக்குள் இல்லாத மிச்சம் படிக்கட்டில் கொஞ்சம், லிஃப்டில் கொஞ்சம், காவலாளி அறையில் கொஞ்சம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் எங்களுக்குப் பங்கு உண்டு.

"அப்போ நாங்க தொட்டியில படுத்துக்கறோம்" என்றார் ஆசிரியர். "கொசுவலை மட்டும் கட்டிக் கொடுத்துடுங்க."

தரகர் செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் என் மனைவி என்னைவிட நல்ல வங்காளத்தில் அந்த அம்மாளை அக்கா முறை வைத்து அழைத்துப் பேசினாள்: "கட்டிலை ஹால்ல போடுங்களேன், தீதி."

"ஹால்லயா? வர்றவங்க எங்கே உட்காருவாங்க?"

"காளிகாட் வீட்ல எங்கே உட்கார்றாங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கட்டில்லதான்" என்றார் ஆசிரியர்.

மார்கழிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, கட்டில் வந்து இறங்கியது. லிஃப்டில் நுழையவில்லை. படிவழியாக ஏற்றினால் சுவர் கீறும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதற்கும் ஒரு கட்டணம் கேட்டார். படிக்கட்டில் எனக்குப் பங்கு இருக்கிறது, விலை கொடுத்து வாங்கியது என்று வாதாடினேன்.

"யார் இல்லேன்னது, தாதா? எந்தப் படி உங்களுதுன்னு காட்டுங்க. அந்தப் படியில சும்மா ஏத்திக்கலாம்" என்றார் அவர், அண்ணன் முறை வைத்தே.

கட்டணத்தைக் கட்டினேன். கட்டில் ஏறியது. தரகர் இரு தரப்பிலும் ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்கிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் வாழ்த்திவிட்டுப் போனார்.

முதல் மாத வாடகை வாங்கப் போனபோது நாங்கள் நால்வரும் அந்தக் கட்டிலில்தான் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். தேநீரும் புதுவெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பும் வந்தன. ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார்.

"வாடகை விஷயமா ஒண்ணு சொல்லணும். ஹால் படுக்கையறை ஆயிடுச்சு. ஹாலே இல்லாத வீட்டுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே?"

நான் சரி சொல்லிவிடும் நிலையில்தான் இருந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"பேசலாம், தாதா. முன்னாடி ரெண்டு படுக்கையறை, இப்ப மூணு. மூணு படுக்கையறை வீட்டுக்கு இங்கே என்ன வாடகைன்னு தரகரை ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கி என் தேநீர் தளும்பியது. ஆசிரியர் தலையணைக்கு அடியில் கைவிட்டு உறையை எடுத்து நீட்டினார். வாடகை முழுதாக இருந்தது.