மகனின் முதல் ஆட்டமும் ஏழாவது ரோல்ஸும்

இரண்டு வருடமாக மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் குந்தியிருந்த என் மகனை, புதுப்பித்த பல்கலைக்கழக ஃபுட்போல் மைதானத்தில் இன்றுதான் முதன்முதலாக இறக்கினார்கள். மோர்னிங்சைட் வீட்டிலிருந்து மூன்று பஸ் மாறிப் போனேன்.

வாசலில் பை சோதித்த பெண் நம்மவர்.

“அண்ணை, புது ஸ்டேடியம், புது ரூல். சாப்பாடு உள்ள விடேலாது. உந்தத் தொட்டியில போடுங்கோ.”

மனைவி விடியவே எழும்பிப் பொரித்த பன்னிரண்டு மட்டன் ரோல்ஸ். அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் துணிவு எனக்கில்லை.

“பிள்ளை, நீரும் ரெண்டு எடுமன்.”

“டியூட்டியில சாப்பிடேலாது. நீங்கள் ஆறுதலாச் சாப்பிட்டிட்டு வாங்கோ.”

ஏழாவது ரோல்ஸில் உள்ளே பெரிய ஆரவாரம் கேட்டது. மிச்சத்தை வரிசையில் நின்றவர்களிடம் திணித்துவிட்டு ஓடினேன். மகன் பந்தைக் கையில் ஏந்தி எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டுத் திரும்ப வாங்கில் இருந்தான். புதிதாகப் பூட்டிய ராட்சதத் திரையில் ரீப்ளேயும் முடிந்து பற்பசை விளம்பரம் ஓடியது.

ஆட்டம் முடிந்து வந்தவன், “அப்பா, டிட் யூ சீ இட்?” என்றான்.

“ஓம் மகன், வடிவாப் பார்த்தன்.”

“அப்ப அம்மாக்கு நீங்களே சொல்லுங்கோ.”

களைப்பென்று சொல்லி அறைக்குள் படுத்திருக்கிறேன். அவன் முகநூல் பார்ப்பதில்லை; அந்தத் துணிவில்தான் இதை இங்கே எழுதுகிறேன். யாராவது வீடியோ எடுத்திருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுமுன் அனுப்பிவிடுங்கள்.