கோடை மழைக்கு ஊர் திரும்பியவன்

எழுபதுகளின் கடைசியில், கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு நாங்கள் மூன்று பேர் வேலை கிடைக்காமல் திரிந்தோம். சென்னையில் கம்ப்யூட்டர் மேற்படிப்பு இருக்கிறது, அதற்கான நுழைவுத் தேர்வை மதுரையிலேயே எழுதலாம் என்று தெரிந்ததும் சேர்ந்து படிக்க ஆரம்பித்தோம். ஒருவன் அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பையன். அவன் வீட்டு மாடியில்தான் படிப்பு. இன்னொருவன் நரிக்குடிப் பக்கத்து விவசாயி மகன். அவன் வரும் பஸ்ஸில் நான் திருச்சுழியில் ஏறிக்கொள்வேன்.

கம்ப்யூட்டரை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கீழே தறிச் சத்தம் ஓயாது. வீட்டார் தெலுங்கில் குரல் கொடுத்தால் நெசவாளர் வீட்டு நண்பன் பாதிக் கணக்கில் எழுந்து ஓடுவான். நாங்கள் தாளில் எழுதும் புரோகிராம் சரியா என்று பார்க்க, நரிக்குடிக்காரனை இயந்திரமாக உட்கார வைப்போம். அவன் வரிவரியாகப் படித்து, எழுதியிருப்பதை மட்டும் செய்வான். நான் எழுதியவை பெரும்பாலும் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

"நீ எழுதுனதத்தான்லே செய்வேன். நெனச்சதச் செய்ய மாட்டேன்" என்பான்.

எனக்கு எரிச்சல் வரும். உட்கார முடியாமல் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அருப்புக்கோட்டையில் மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். வைகாசி மாதம். கிழக்கே, நரிக்குடிப் பக்கம், வானம் கறுத்து மின்னியது. நரிக்குடிக்காரன் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடை மழை பெய்தால் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அவன் அய்யா ஒற்றை ஆள். நாங்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம். வண்டி கிளம்புகிற நேரத்தில் பையை எடுத்துக்கொண்டான்.

"எங்க ஊர்ப் பக்கந்தான் பெய்யுது. நீங்க போங்கலே" என்று இறங்கிப் போய்விட்டான்.

நாங்கள் இருவர் மட்டும் மதுரை போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை தேர்வு அறையில் எனக்கு முன்னால் அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது. வினாத்தாளைப் பிரித்த பிறகும் என் கண் வாசலுக்கே போனது. தாமதமாக வருகிறவர்களை இனி உள்ளே விடமாட்டார்கள் என்ற நேரத்தில் வந்து நின்றான். தலையெல்லாம் செம்புழுதி. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கையால் காட்டினார். அவன் உட்கார்ந்ததும் மூச்சு வாங்க எழுத ஆரம்பித்தான். எனக்கு அதற்குப் பிறகுதான் பேனா ஓடியது.

வெளியே வந்தபின் நடந்ததைச் சொன்னான். அவன் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. காற்று அடித்து, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தது. வாசலில் மகனைக் கண்ட அய்யா கோபத்தில் கேட்டிருக்கிறார்: "மழ பெஞ்சா உழுக எனக்குத் தெரியாதா? ஒன்னய யாருலே வரச் சொன்னா?" விடிவதற்கு முன்பே மகனைச் சைக்கிளில் உட்காரவைத்துத் திருச்சுழிவரை மிதித்து, முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவனால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. ரயிலேற்றிவிட விருதுநகர் போனேன். நரிக்குடிக்காரனின் அய்யாவும் வந்திருந்தார். ரயில் போனபின் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அடுத்த வருஷம் திரும்ப எழுதுவேனா என்று விசாரித்தார். எழுதுவேன் என்றேன்.

எழுதினேன், அப்போதும் கிடைக்கவில்லை. ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனேன். சேர்ந்த முதல் வருஷம் முழுக்க, அருப்புக்கோட்டை மாடியில் நடந்த மாதிரியே குறுக்கும் நெடுக்கும் நடந்தபடிதான் பாடம் நடத்தினேன்; வகுப்பில் நாற்காலியில் ஒருநாள்கூட நான் உட்கார்ந்ததாக நினைவில்லை.