மிதவையில் நாலாவது ஆள்

பெயின்டர் வாளிக்குள் முகத்தை விட்டிருக்கிறார். இரண்டு காதுகளும் பின்மண்டையும்தான் வெளியே தெரிகின்றன. உள்ளேயிருந்து குபுகுபுவென்று குமிழி வருகிறது. பக்கத்தில் முக்காலி போட்டுப் பாடம் படிக்கும் மகன், ஒரு கண்ணைப் புத்தகத்திலும் மறு கண்ணை வாளியிலும் வைத்திருக்கிறான். குமிழி நின்றுபோனால் அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட வேலை. இவ்வளவு ஆசையாக அவன் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

முகம் வெளியே வருகிறது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"எப்படிடா?"

"போன தடவைக்குப் பரவால்லப்பா. ஆனா நீ வாயாலதான் விடுற. மூக்கால விடணும்."

"இந்த மூக்கு சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது," என்று மூக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி வாளிக்குள் போகிறார்.

என் வீட்டுக் கூரையில் ஈரம் பூத்திருக்கிறதே, ஒரு சண்டை போட்டுவிட்டு வரலாம் என்றுதான் நான் ஒரு தளம் ஏறி மேலே போனேன். வாளியைச் சுற்றித் தரையெல்லாம் குளம். ஈரத்துக்குக் காரணம் கண்ணெதிரே கிடந்தது. ஆனால் நனைந்த மீசையோடு ஒரு மனிதர், "வாங்க சார், இந்த வருஷம் நீச்சல்!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னால் எங்கிருந்து சண்டை வரும்? கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் பூனை மாதிரி இறங்கி வந்துவிட்டேன். மறுவாரம் அவரே வந்து கூரையைச் சரிசெய்து கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வருடத்துக்கு ஒன்று என்று எதையாவது கையில் எடுப்பது இவர் வழக்கம். எடுத்ததை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொள்ள மாட்டார். படிக்கட்டில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவார். தபால்காரர், பால் போடுகிறவர், குப்பை எடுக்க வருகிற அம்மா, ஒருவரும் தப்ப முடியாது. "நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா வாபஸ் வாங்க முடியாது பாருங்க, அதுக்குத்தான்." இப்படி ஊரைக் கூட்டிச் சொல்லித்தான் புகையிலையை விட்டார். மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். பெயின்டர் எடுத்த வகிடு எள்ளளவும் கோணாது. மகனிடம் மானத்தோடு தோற்கும் அளவுக்குச் சதுரங்கம் பழகினார். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஒரு வருடம் ஓடுவதற்கென்று காலணி வாங்கினேன். அது இன்றைக்கும் புது மெருகு குலையாமல் கட்டிலுக்கு அடியில் சௌக்கியமாக இருக்கிறது.

எதையும் தொழில் பாஷையில்தான் விளக்குவார். "மொதல்ல பட்டி பாக்கணும் சார். ஓட்டை எங்க இருக்கு, விரிசல் எங்க இருக்குன்னு தெரியணும்ல. அப்புறம் ப்ரைமர். அப்பவும் பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், ஒருத்தரும் கை தட்ட மாட்டாங்க. அதுக்கப்புறம்தான் கலரு." வாளிக்குள் முகத்தை விடுவது பட்டி பார்க்கும் கட்டம் என்றும், அதனால் நான் சிரிப்பதை அவர் பொருட்படுத்தவில்லை என்றும் தெரிவித்தார்.

இவர் சாதாரண பெயின்டர் இல்லை. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவர்தான் இவருக்கு வேலை. மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கி, தொங்கும் பலகையில் உட்கார்ந்து, காற்றில் ஆடியபடி பூசுவார். கீழே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் 'கீழ் ஆள்' என்று பெயர். உயரத்தில் கத்தினால் கேட்காது, எல்லாம் சைகைதான். சுவர் முடிந்ததும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒற்றை விரலைச் சுழற்றுவார். வேலை முடிந்தது, கயிற்றைச் சுருட்டு என்று அர்த்தம். இந்த விரல் வீட்டிலும் சுழலும். சாப்பாடு முடிந்தால் சுழலும், விருந்தாளி கிளம்பினால் அவருக்குப் பின்னால் சுழலும். கயிற்று விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. "கயிறு இல்லாம நான் தரைய விட்டுக் காலை எடுத்ததே இல்ல சார். என் முடிச்ச நான்தான் போடுவேன், நான்தான் அவுப்பேன். அடுத்தவன் கை படக் கூடாது." சுவரை அண்ணாந்து பார்த்தே எவ்வளவு கயிறு வேண்டும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணளவு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படி அந்தரத்தில் தொங்கும் மனிதருக்கு இடுப்பளவுத் தண்ணீரைக் கண்டால் கால் நடுங்கும். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

"சுவரு நின்ன எடத்துல நிக்கும் சார். தண்ணி நிக்குதா? அதுவும் காயவே காயாத ஒண்ண எப்படி நம்புறது?"

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நம்பவே வேணாம். செருப்புக்குக் காவல் இருங்க, அது போதும்."

அந்தச் செருப்புக் காவலில்தான் கதையே இருக்கிறது. கோடை பிறந்தால் இந்தக் குடும்பம் ஏரிக்குப் போகும். ஏரியின் நடுவில் மரப்பலகை அடித்த மிதவை ஒன்று நங்கூரம் போட்டு நிற்கும். அம்மாவும் மகளும் மகனும் அதுவரை நீந்திப் போய் ஏறி உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுவார்கள். சாப்பாடு போவது காலி பெயின்ட் வாளியில். மூடியை இறுக்கி அடைத்துவிட்டால் ஒரு சொட்டு உள்ளே போகாது. மகன் அதைத் தள்ளிக்கொண்டே நீந்துவான். பெயின்டர் மட்டும் கரையில் நாலு ஜோடிச் செருப்புக்குப் பக்கத்தில், தனியாகக் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிதவையில் எடுத்த படங்களில் மூன்று பேர்தான் இருப்பார்கள். கரையில் தெரியும் புள்ளிதான் அப்பா என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

"பெரியவ சின்னப் புள்ளையா இருந்தப்ப, மெதவை மேல நின்னுக்கிட்டு 'வாப்பா, வாப்பா'ன்னு தொண்டை கிழியக் கத்துவா. வருஷா வருஷம் கத்துவா. நான் சிரிச்சுட்டுக் கை ஆட்டுவேன்." இதைச் சொல்லும்போது கையிலிருந்த துணியை அவர் முறுக்கிக்கொண்டே இருந்தார். "போன வருஷம் அவ கூப்பிடவே இல்ல சார்."

மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வருகிற கோடை முடிந்ததும் ரயிலேறிவிடுவாள். அதற்குள் அந்த மிதவையில் நாலாவது ஆளாகப் போய் உட்கார வேண்டும். இந்த வருடத்தில் அவர் கேட்பது அது ஒன்றுதான். 

அதற்காக இந்த வீடு மற்றக் காலங்களில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பயிற்சி செய்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். மழைக்காலம் முழுக்க வெளிச்சுவர் வேலை கிடையாது. தரையில் பெயின்ட் சிந்தாமல் விரிக்கும் பெரிய துணிகளை ஏணிகளின் மேல் போர்த்தி, கூடத்தில் கூடாரம் கட்டிவிடுவார்கள். சாப்பாடு, படிப்பு, சண்டை எல்லாம் அதற்குள்தான். துணியெங்கும் பழைய வீடுகளின் நிறங்கள் தெறித்திருக்கும். எந்தப் பொட்டு எந்த வீட்டுச் சுவர் என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. பனிக்காலத்தில் விடியற்காலை பூங்காவில் கண்ணாமூச்சி. பனிமூட்டம் இறங்கியிருப்பதால் ஒளிய மரமே வேண்டாம், நின்ற இடத்தில் நின்றால் போதும். அப்பாவைத்தான் முதலில் பிடிப்பார்கள். மூக்கால் மூச்சு விடுகிற பழக்கத்தை அங்கேயும் விடாமல், புஸ் புஸ்ஸென்று காட்டிக்கொடுத்துக்கொள்வாராம்.

காற்றுக்காலம் வந்தது. பெயின்ட் படாமல் ஜன்னலுக்கு ஒட்டும் தாள்களில் பட்டம் செய்து மொட்டைமாடியில் விட்டார்கள். என் பட்டத்தை அறுத்தவள் அந்த மகள்தான், நான் இன்னும் மறக்கவில்லை. பொது நீச்சல் குளத்தைத் திறந்ததும் பெயின்டர் தொடக்க வகுப்பில் சேர்ந்தார். அந்த வகுப்பில் மற்றவர்கள் எல்லோருக்கும் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. அரைக்கால் சட்டையும் மீசையுமாக அவர் வரிசையில் கடைசியில் நிற்பதைப் பார்க்கவே நான் ஒருநாள் போனேன். அவருக்கு முன்னால் நின்ற ஒரு வாண்டு திரும்பி, "பயப்படாதீங்க மாமா, வயித்த மேல தூக்குங்க, தானா மெதப்பீங்க," என்று தைரியம் சொன்னது. பயிற்சியாளர் சொல்லி ஏறாதது அந்த வாண்டு சொல்லி ஏறியது. கையை அசைக்காமல் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஆழமான பக்கத்தில் மட்டும் சுவரை ஒட்டியே நீந்துவார். எங்கே போனாலும் இந்த மனிதருக்கு ஒரு சுவர் வேண்டும்.

ஏரிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். "நீங்கதான் சார் கீழ் ஆளு," என்றார். வேலைக்குக் கொண்டுபோகும் கயிறு தோளில் தொங்கியது. ஏரியை ஒரு பார்வை பார்த்துக் கண்ணளவு எடுத்து, ஒரு முனையைக் கரையோர மரத்தில் கட்டினார். மறு முனையை இடுப்பில் கட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"கயிறு எதுக்குங்க? நான்தான் பக்கத்துலயே வரேன்ல," என்றார் மனைவி.

"நீ வா. கயிறும் வரட்டும்."

என்னிடம் ஒரே உத்தரவு. "என்ன ஆனாலும் கையை விட்டுறாதீங்க." பிள்ளைகள் சாப்பாட்டு வாளியோடு முன்னால் போய் மிதவையில் ஏறிக்கொண்டார்கள். இவர் கடைசியாக ஒரு தடவை செருப்புகளைப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

நீந்தினார் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தண்ணீரோடு மல்லுக்கட்டினார் என்பதுதான் சரி. ஆனாலும் நகர்ந்தார். கயிறு என் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது. தலை சின்னதாகிக்கொண்டே போனது. பக்கத்தில் மனைவியின் தலை. மிதவை கிட்டே வந்துவிட்டது என்று நான் குதிக்கப் போன நேரத்தில் கயிறு விறைத்து நின்றது.

கண்ணளவு பிசகிவிட்டது. சுவரை அளந்து பழகிய கண்ணைத் தண்ணீர் ஏமாற்றிவிட்டது. மிதவை இன்னும் இரண்டு ஆள் நீளம் தள்ளி இருக்கிறது. இவர் கை வீசுகிறார், ஒரு விரற்கடை நகரவில்லை. நான் மரத்திடம் ஓடி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவர் போட்ட முடிச்சு என் நகத்தைத்தான் பெயர்த்தது. மனைவி அவர் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோவதும், இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டுவதும் தெரிந்தது. திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் திரும்பியிருப்பேன்.

அப்போதுதான் மிதவையின் ஓரத்தில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். கல்லூரிக்குப் போகிற பெண், சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். ஏரி முழுக்கக் கேட்டது.

"வாப்பா!"

பெயின்டர் கை வீசுவதை நிறுத்தினார். மெல்லப் புரண்டு மல்லாந்தார். வயிற்றை மேலே தூக்கி, முகம் வானத்தைப் பார்க்க, ஆழத் தண்ணீரில் அப்படியே கிடந்தார். விறைத்த முடிச்சு அவிழாது, தளர்த்த வேண்டும். கால்களால் உதைத்துக் கரைப்பக்கமாகக் கொஞ்சம் பின்னால் வந்தார். இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின. எதையும் பிடித்துக்கொள்ளாமல் அந்த மனிதர் மிதக்கிறார்!

என் கையில் கயிறு தொளதொளத்தது.  இழுத்துப் பார்த்தேன், கனமே இல்லாமல் வந்தது.

மறு நிமிடம் மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கை பலகையைப் பற்றியது, பின்னாலேயே ஒரு மீசை ஏறியது. மகன் குதித்த குதியில் சாப்பாட்டு வாளி தண்ணீரில் விழுந்தது. விழுந்தால் என்ன, அது மிதக்கும். மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மனைவி ஏறாமல் பலகையின் ஓரத்தைப் பிடித்தபடி தண்ணீரிலேயே மிதந்து சிரித்துக்கொண்டிருந்தார், அல்லது அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. கரையில் நான் ஐந்து ஜோடிச் செருப்புக்கு நடுவில் நின்று பைத்தியக்காரன் மாதிரி கைதட்டினேன்.

பெயின்டர் மகளை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தார். ஆடுகிற மிதவையில் காலை அகட்டி நின்றுகொண்டு, கரையில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒற்றை விரலைச் சுழற்றினார்.